உப்புமீன் கிடங்கு

ஆகஸ்டில் நான்தான் அளந்தேன்.
கிடங்கு காலி. தரையில் பழைய உப்பு மட்டும்.
கணினியை ஏந்திக்கொண்டு ஒன்பது வரிசையும் நடந்தேன்.
திரையில் எங்கும் பச்சை.
கையெழுத்திட்டுவிட்டு அக்குரேய்ரிக்கு வண்டி ஏறினேன்.

மார்ச்சில் அழைத்தார்கள்.
இப்போது கூரைவரை தொட்டிகள்,
தொட்டி நிறைய காட் மீன்,
ஈரம் வடியாத, உப்பு குடித்த சதை.
ஆகஸ்டில் என் அலைகள் வெறும் காற்றைத்தான் கடந்தன.
மீனைக் கடக்க முடியுமா என்று
யாரும் அவற்றிடம் கேட்கவில்லை,
நானும்.

மேலாளர் ஃபின்போகி அதற்குள் கைவைத்தியம் செய்திருந்தார்:
பதினான்கு வைஃபை பெட்டிகளும் உச்சத் திறனில்.
"சத்தம் பத்தலைன்னா கூட்டணும், இல்லையா?"

ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் ஸீமோவிட்
ஸ்கேனரை என் முகத்துக்கு நேரே நீட்டினான்.
"நாலு கோடு காட்டுது. ஒண்ணும் போகல.
ஏழாம் வரிசையில நின்னுக்கிட்டு
வாசல் பெட்டியோடயே ஒட்டிக்கிட்டுக் கிடக்கு."

கூரையிலிருந்து கத்துவது
எல்லா மூலைக்கும் எட்டுகிறது.
கைக்குள் இருக்கும் சின்னக் கருவி
திருப்பி முணுமுணுப்பதுதான் எட்டவில்லை.
செவிடன் காதில் ஊதிய சங்கு என்பார்கள்;
இங்கே சங்குதான் செவிடு.

ஏணிமேல் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தணித்தேன்,
இருபத்துமூன்றிலிருந்து பதின்மூன்றுக்கு.
ஏழாம் வரிசையின் ஆன்டெனாவைக் கழற்றி
வரிசையின் நீளத்தைப் பார்க்கும்படி திருப்பினேன்.
ஒரே சேனலில் முட்டிக்கொண்டிருந்த மூன்றைப் பிரித்தேன்.
தடித்த கையுறை; இரண்டு முறை தவறான எண்.
கீழேயிருந்து ஃபின்போகி:
"குறைக்கவா உனக்குக் காசு?"

கடைசியாக ஐம்பத்திரண்டாம் சேனல்.
அங்கே ரேடார்களுக்குத்தான் முதல் உரிமை.
குடிபோகும் பெட்டி
பேசுவதற்கு முன் ஒரு நிமிடம்
வாய்மூடிக் கேட்க வேண்டும், சட்டம் அப்படி:
எங்கேயாவது, யாராவது
வானத்தில் எதையாவது தேடிக்கொண்டிருக்கிறார்களா என்று.

அந்த ஒரு நிமிடம்
ஏழாம் வரிசையில் நெட்வொர்க் இல்லை.
ஸீமோவிட் வண்டியை அணைத்தான்.
ஃபின்போகி ஏதோ சொல்ல வாயெடுத்தார், சொல்லவில்லை.
தொட்டிகளிலிருந்து உப்புத்தண்ணீர் சொட்டுவது கேட்டது.
எத்தனை நாளாகச் சொட்டுகிறதோ.

பிறகு ஸ்கேனர் ஒருமுறை கீச்சிட்டது.
தொட்டி எண் 4417.
"போச்சு" என்றான் ஸீமோவிட்,
போய்ச் சேர்ந்தது என்ற அர்த்தத்தில்.