பதினான்காவது அயிட்டம்

தீர்ப்பில் கார் பூவராகனுக்கு.
சாவியைப் பற்றித் தீர்ப்பு ஒன்றும் சொல்லவில்லை.
அது எங்கள் வீட்டு ஆர்லிக்ஸ் புட்டியில்
செல்லாத பத்துப் பைசாக்களோடு கிடந்தது,
முப்பத்தொரு வருஷம்.

'ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஒன்று, ஓடும் நிலையில்'
என்று பிராதில் எழுதிய வக்கீல் இப்போது இல்லை.
வாதியும் பிரதிவாதியும்,
அதாவது என் அப்பாவும் அவன் அப்பாவும்,
ஒரே ஐப்பசியில் பதினோரு நாள் இடைவெளியில் போனார்கள்.
இரண்டு சாவுக்கும்
இரண்டு வீடும் போய்க்கொள்ளவில்லை.

சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிடலாம் என்றுதான்
நீடாமங்கலம் பஸ் ஏறினேன்.

குடோன் ஷட்டர் பாதியில் சிக்கியது. குனிந்து போனோம்.
நாலு செங்கல் அடுக்கில் உட்கார்ந்திருந்தது.
வெள்ளம் வந்த வருஷத்துச் சேற்றுக்கோடு
கதவின் இடுப்பில்.
சீட்டுக்குள் எலி
தேங்காய்நாரும் கோணிப்பிசிறும்
ரிசீவர் ஒட்டிப்போன சீல் காகிதமும் சேர்த்துக்
குடும்பம் நடத்தியிருந்தது.
அரக்கை மட்டும் தின்னவில்லை.

மெக்கானிக் செபஸ்தி
பானட்டை மொத்தமாக முன்னால் கவிழ்த்தார்.
முதலை வாய் திறந்ததுபோல.
உள்ளே எங்கும் பதர்.
கார்புரேட்டரிலிருந்து ஒரு கைப்பிடி கருக்காய் எடுத்து ஊதி,
"ஏடிடி முப்பத்தாறு" என்றார், சிரிக்காமல்.

இஞ்சின் பிடித்துக்கொண்டு சுற்றவில்லை.
பிளக் கழற்றிய ஓட்டைகளில்
டீசலும் மண்ணெண்ணெயும் ஊற்றி
"ஊறட்டும்" என்றார்.
ஊறியது. ஒன்பது நாள்.
நான் ஏன் தினமும் வந்தேன் என்று
எனக்கே சரியாகத் தெரியாது.
பூவராகன் ஒரு ஓரம், நான் ஒரு ஓரம்,
நடுவில் செபஸ்தியிடம் பேசுவோம்.
"டீ சொல்லட்டுமான்னு கேளுங்க."
"சர்க்கரை வேண்டாம்னு சொல்லுங்க."

பத்தாம் நாள் ஃபேனைப் பிடித்துத் தள்ளினார்.
ஒரு முடி அளவு அசைந்தது.
பிறகு ஒரு விரல்.
பிறகு, தூங்கி எழுந்தவன் கழுத்தை உடைப்பதுபோல்
ஒரு சத்தம், ஒரு முழுச் சுற்று.

பாயின்ட்டை உப்புத்தாளால் தேய்த்தார்.
பெட்ரோல் பம்பின் டயாஃப்ரம் அப்பளமாக நொறுங்கியது;
கும்பகோணத்தில் இல்லை, திருச்சியில் கிடைத்தது.
பேட்டரி புதுசு.

நான் சாவியை நீட்டினேன்.
உள்ளங்கை வியர்வையில் ஊறிப்போன சாவியை.
"இது எதுக்குங்க?" என்றார் செபஸ்தி.
"ரெண்டு ஒயரைத் தொட்டாப் போதும்."
தொட்டார்.
எட்டாவது தடவை இருமியது.
ஒன்பதாவதில் குடோன் முழுக்க
நீலப்புகை, பதர், வௌவால்.

டிக்கியை மட்டும் சாவி இல்லாமல் முடியவில்லை.
திறந்தால் ஒரு கிழிந்த குடை, ஒரு ஜாக்கி, ஸ்டெப்னி.
செபஸ்தி வால்வை நகத்தால் அழுத்தினார்.
'உஸ்' என்றது, ஒரேயொரு மூச்சு.
"இன்னமும் மிச்சம் இருக்கே" என்றார்.
யார் அடித்த காற்று? அப்பாவா, பெரியப்பாவா?
கேட்பதற்குள் தீர்ந்துவிட்டது.
பட்டியலில் அதை யாரும் சேர்த்திருக்கவில்லை.

"ஒரு நடை ஓட்டிப் பாருங்க. அணைச்சிடாதீங்க.
அணைஞ்சா என்னைக் கூப்பிடணும்."
அவர் பைக்கில் பின்னால் வந்தார்.
பின்சீட் இல்லை. நான் முன்னால்தான் உட்காரவேண்டும்.

நீடாமங்கலம் ரயில்வே கேட்.
மூடியிருந்தது. மூடாமல் என்றைக்கு இருந்தது.

பத்து நிமிஷம்.
சூட்டுமுள் மெல்ல ஏறிற்று.
வேர்க்கடலைக்காரன் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப்
பொட்டலம் நீட்டினான்.
"காலை எடுத்துடாதே" என்றேன்.
"எடுக்கல" என்றான்.
வேறு யாரும் நடுவில் இல்லை.

நெல் ஏற்றிய கூட்ஸ் வந்தது, அவசரமே இல்லாமல்.
கேட்டைத் தாண்டும் ஒவ்வொரு பெட்டிக்கும்
கண்ணாடி நடுங்கியது.
"நாற்பத்திரண்டு" என்றான் பூவராகன், கடைசியில்.
"நாற்பத்தொண்ணு."
"கார்டு பெட்டியை விட்டுட்டே."
"அது கணக்குல சேராது."

கேட் தூக்கியாயிற்று.
பின்னால் மன்னார்குடி பஸ் ஹாரனை விட்டுக் கையெடுக்கவில்லை.
முதல் கியர் விழமாட்டேன் என்கிறது.
"சேரும்" என்கிறான்,
கியரோடு மல்லுக்கட்டியபடி.