கையைக் கடிக்கும்

கோடு போட்ட கொப்பி ஒன்று வைத்திருக்கிறேன்.
இடப்பக்கம் ஆங்கிலம்,
வலப்பக்கம் நான் பட்ட அவமானம்.

"அண்டர் த வெதர்" என்று ஒருவர் லீவு கேட்டபோது
குடை கொண்டுவரவில்லையா என்றவள் நான்.
"கோல் இட் எ டே" என்றார் முதலாளி, ஐந்து மணிக்கு.
யாரைக் கூப்பிட என்று போனைத் தூக்கினேன்.
பள்ளியில் படித்ததெல்லாம்
பசு ஒரு வீட்டு மிருகம் என்பதுதான்.
அந்தப் பசு ஒருநாளும்
வாயைத் திறந்து மரபுத்தொடர் பேசியதில்லை.

இப்போது மொழிபெயர்ப்பாளர். மணிக்கணக்கில் கூலி.
வெள்ளவத்தையில் அறை.
கொப்பி, இரண்டாம் பாகம்.

அன்று யூனியன் பிளேஸ், ஏழாம் மாடி.
கண்ணாடிக்கு வெளியே பேர வாவி, பாசிப் பச்சை.
மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர், நான்கு போன்.
இந்தப் பக்கம் செபமாலை.
கிராண்ட்பாஸ் அட்டைப்பெட்டிக் கம்பெனி,
பதினொரு வருசம் வெட்டு மெஷின்.
சட்டையின் வலக்கையை மேலே மடித்து
ஊசி குத்தியிருந்தார்.

"ஒன் தி அதர் ஹேண்ட்" என்று தொடங்கினார்
லோயர் அபேகோன்.
"மறுபுறம் பார்த்தால்" என்றேன்.
தமிழுக்கு நன்றி.
மறுபுறத்தில் கை இல்லை.

"அவர் ஹேண்ட்ஸ் ஆர் டைட்."
இதற்கு ஒளிய இடமில்லை.
இரண்டு மொழியிலும் அதே கயிறு.
"தங்கட கை கட்டியிருக்காம்."
செபமாலை மேசை மேலிருந்த ஆறு கைகளையும்
ஒவ்வொன்றாய்ப் பார்த்தார்.
கட்டு தெரியவில்லை. மணிக்கூடுகள் தெரிந்தன.

பிறகுதான் அது வந்தது.
அவர் கேட்ட தொகையை நான் சொல்லி முடிக்க
அபேகோன் பக்கத்துப் பெண்ணிடம், குரலைத் தாழ்த்தி:
"தட் வில் கோஸ்ட் அஸ் அன் ஆர்ம் அண்ட் எ லெக்."
அந்தப் பெண் பேனையைக் கீழே வைத்தாள்.
ஏசி மட்டும் பேசிக்கொண்டிருந்தது.
"என்னாங்க சொல்றாரு?"

கொப்பியில் ஆறாம் பக்கம். பொருள்: விலை மிக அதிகம்.
தெரியும். தெரிந்துதான் தேடுகிறேன்.
வீடு வளவை விற்கவேணும்: கம்பெனிக்கு ஏது வளவு.
முழி பிதுங்கும்: வேண்டாம், கண்ணையும் ஏன் இழுப்பான்.
தலையில் துண்டு போடவேணும்: தலையாவது இருக்கட்டும்.
அதற்குள் நாக்கு என்னைக் கேளாமல்
பழகின வழியில் போய்விட்டது:
"கையைக் கடிக்குமாம்."

சொன்ன பிறகுதான் எனக்கே கேட்டது.
எங்கே சொல்லக்கூடாது என்று
என் கொப்பியில் ஒரு நிரல் கிடையாது.

அவர் சிரித்தார். உண்மையாகவே, பல் தெரிய.
"கடிச்சது அவங்க மெசினுங்க. நானா கடிச்சேன்?"

இதையும் ஆங்கிலத்தில் போட வேண்டும், அதற்குத்தான் கூலி.
"இட் வாஸ் யுவர் மெஷின் தட் பிட்" என்றேன்.
"பிட் வட்?" என்றார் அபேகோன்.
நான் விளக்கவில்லை.
மடித்துக் குத்திய சட்டை அங்கேதான் இருந்தது.
கொஞ்ச நேரம் கழித்து
அந்தப் பெண்தான் தொகையை வெட்டித் திருத்தினாள்.
அவர் கேட்டது இல்லை.
அவர்கள் முதலில் சொன்னதும் இல்லை.

லிஃப்டில் கேட்டார்:
"நெசமா இங்கிலீசில என்னா சொன்னான்?"
சொன்னேன், சொல்லுக்குச் சொல். ஒரு கை, ஒரு கால்.
"காலுமா?"
குனிந்து இரண்டு செருப்பையும் பார்த்தார்.
"அது கணக்குல இல்லியேங்க."

பஸ் தரிப்பில் மழை.
நாயும் இல்லை பூனையும் இல்லை, வெறும் மழை.
இடக்கையைக் காட்டி பஸ்ஸை நிறுத்தினார்.
ஏறியதும், கம்பியைப் பிடிக்கவா
காசை எடுக்கவா என்று ஒரு கணம்.
பிறகு கம்பியைத் தோளால் அணைத்து
பர்ஸைப் பல்லில் கடித்துக்கொண்டு
தாள்களை ஒவ்வொன்றாய் உருவினார்.
கொண்டக்டர் காத்துக்கொண்டு நின்றார்.
பஸ் நிற்கவில்லை.