ஒன்பது வாளி

ராபின்வேலில் தண்ணீர் ஒதுக்கீடு
நூற்றுக்குப் பன்னிரண்டு என்று
ஜூலையில் அறிவித்தார்கள்.
அன்றைக்குத்தான் நான்
ஒன்பது வாளி தண்ணீரை நெருப்பில் ஊற்றினேன்.

வேலிக்கு அந்தப் பக்கம்
கார்மெலோ எண்ணிக்கொண்டு நின்றான்.
ஏழாவது வாளியில் தொப்பியைக் கழற்றினான்,
செத்தவீட்டில் நிற்பதுபோல.

என்ன செய்ய.
பாதாம் கோதைக் குழியில் கொட்டிக் கொளுத்தினால்
நேரம் பார்த்து அணைக்கவேண்டும்.
பிந்தினால் சாம்பல்.
முந்தினால் புகை மணக்கும் வெறும் கோது.
தப்பாமல் ஊற்றினால்
உடைந்த பீங்கான் மாதிரிக் கிணுகிணுக்கும்
கரி.

போன வருடம் அதை
அப்படியே அள்ளி மண்ணில் கலந்து
கத்தரி நட்டேன்.
மூன்று கிழமையில் கன்றெல்லாம் மஞ்சள்.
கரிக்கும் பசிக்கும் என்று எனக்குத் தெரியாது.
வெறும் வயிற்றோடு இறங்கி
மண்ணில் கிடந்த கொஞ்சத்தையும்
அதுவே தின்றுவிட்டது.
முகத்தில் கரி பூசுவது என்பார்களே,
எனக்கு அது இரண்டு விதமாகவும் நடந்தது.
யசீந்திரன் ஒன்றும் சொல்லவில்லை,
வங்கிக் கடிதத்தை மடித்து
திரும்ப உறைக்குள் வைத்தான்.

இந்த முறை முதலில் கரிக்கு விருந்து.
ஆட்டுப் புழுக்கை, திராட்சைச் சக்கை,
வியட்நாம் பேக்கரிக்காரி கட்டித்தரும்
கோப்பி மண்டி, அழுகின பூசணி,
இவ்வளவும் புளிக்கும் பசளைக் குவியலுக்குள்
கரியைப் புதைத்துவிட்டு
எழுபது நாள் அந்தப் பக்கமே போகவில்லை.
பொய்.
தினமும் போனேன்.
கையை விட்டால் சுட்டது,
பிறகொரு காலை
காய்ச்சல் விட்ட பிள்ளையின் நெற்றிபோல் இருந்தது.

ஜனவரி. நாற்பத்தைந்து பாகை.
ஆறு நாளுக்கு ஒருமுறைதான் தண்ணீர்.
இந்தச் செம்மணலில் இறைப்பது
விழலுக்கு இறைப்பதுகூட இல்லை,
விழலாவது முளைத்திருக்கும்.

மூன்றாம் வரிசை, கரி போடாதது,
இரண்டாம் நாளே தலை போட்டது;
எழும்பவில்லை.
நான்காம் வரிசை
பின்னேரம் தொங்கி
விடிய நிமிர்ந்தது. அடுத்த நாளும்.
ஐந்தாம் நாள் அதுவும் கிடந்துவிட்டது,
அற்புதம் ஒன்றும் இல்லை.
ஆனால் ஆறாம் நாள் எங்கள் முறை.

கார்மெலோ வேலி தாண்டி வந்து குனிந்து
ஒரு பிடி மண்ணைப் பொத்தினான்.
விரித்தபோது உதிராமல் இருந்தது.
கறுத்த உள்ளங்கையைத் துடைக்கவில்லை.
தன் திராட்சைத் தோட்டத்தில்
வெட்டின கொடி ஒரு மலை கிடக்கிறது என்றான்.

மே வரை தீ மூட்ட விடமாட்டார்கள், என்றேன்.

தெரியும்.
வாளி நான் கொண்டுவருகிறேன்.