காலுறை மட்டும்

முப்பத்தெட்டு வருடம் கப்பல் பட்டறையில்
ஒரே நீலம்.
முதுகில் எண், மார்பில் கிரீஸ்,
முழங்கையில் ஓர் ஒட்டு.
ஓய்வு பெற்ற அன்று சாயங்காலமே
அடுப்பு துடைக்கக் கிழித்துவிட்டேன்.

என் தோள்களில் ஒன்று தாழ்ந்திருப்பது
அறுபத்தாறு வயதில்தான் தெரிந்தது.
வாயில் குண்டூசிகளோடு
தையல்காரர் ஸ்டெலியோ சொன்னார்:
"கேபிள் சுமந்த பக்கம்."
அந்தத் தோளுக்குள் கொஞ்சம் பஞ்சு வைத்தார்.
அன்றிலிருந்து நான் சமமானவன்,
வெளியே போகும்போது.

யாருக்காக இந்த ஜோடனை என்று
மாடிவீட்டு ஓர்னெல்லாவுக்குச் சந்தேகம்.
என்னிடம் கேட்கமாட்டாள்.
என் மனைவி வாண்டாவிடம் கேட்டாள்,
மாடிப்படியில், எனக்குக் கேட்கிற மாதிரி.
"எனக்காக இல்லை," என்றாள் வாண்டா,
"எனக்காக என்றால்
முதலில் மூக்கு மயிரை வெட்டியிருப்பாரே."

வெட்டிக்கொண்டேன்.

இளமையாய்த் தெரியவா என்றான் மருமகன்.
காலருக்கு மேல் வழிகிற கழுத்துத் தோலை
எந்தப் பட்டு மடக்கி உள்ளே வைக்கும்?
காப்பிக்கடைக்கு இருநூறு அடி.
அந்த இருநூறு அடிக்கு
ஒரு கோட்டு, ஒரு கைக்குட்டை, பாலிஷ் போட்ட தோல்.
காப்பி ஐந்து நிமிடத்தில் தீர்ந்துவிடும்.
அதனால் என்ன?

போன செவ்வாய் ஸ்கேன்.
சாம்பல் ஃபிளானல் கால்சட்டை, ஒட்டக நிறக் கோட்டு,
பாட்டில் பச்சை டை.
முடிச்சை மூன்று முறை அவிழ்த்துக் கட்டினேன்
(விரல் அப்படித்தான் இப்போது,
அதற்குத்தான் ஸ்கேனே).
"ஆஸ்பத்திரிக்கா, கல்யாணத்துக்கா?" என்றாள் வாண்டா,
தன் பழைய மழைக்கோட்டை மாட்டிக்கொண்டே.

உள்ளே மிரெலா என்றொரு பெண்
பிளாஸ்டிக் தட்டை நீட்டினாள்.
பெல்ட், டை பின், கைக்கடிகாரம்,
சட்டைக் கைப்பொத்தான் இரண்டு,
கடைசியாக மேல்வரிசைப் பல் நான்கு.
முதுகுப் பக்கம் திறந்த அங்கி ஒன்றைக் கொடுத்தாள்.
பிரித்துப் பார்த்தேன்.
மறுபடியும் அதே நீலம்.

ஆள் பாதி ஆடை பாதி என்பார்கள்.
ஆடைப் பாதி கொக்கியில் தொங்கியது,
தோளில் பஞ்சோடு,
என்னைவிட நிமிர்ந்து.
ஆள் பாதி
பின்பக்கத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு
குளிரில் நின்றது.

"காலுறை இருக்கட்டும்," என்றாள் மிரெலா.
கத்திரிப்பூ நிறம். கணுக்காலில் ஒரு மெல்லிய மஞ்சள் கோடு.

குழாய்க்குள் தள்ளினார்கள்.
டக் டக் டக் டக், பிறகு உறுமல்,
பிறகு யாரோ இரும்புத் தகட்டில் ஆணி அடிப்பதுபோல்.
பழக்கமான சத்தம்தான், பயமில்லை.
மூன்றாவது தளத்தில் புரூனோ கத்துவான்
என்றுகூடக் காத்திருந்தேன்.
கண்ணுக்கு மேலே ஒரு சின்னக் கண்ணாடி.
அதில் மூஞ்சி தெரியவில்லை.
தூரத்தில், வெளிச்சத்தில்,
என் இரண்டு பாதங்கள்.
முப்பது நிமிடம் வேறெதையும் பார்க்கவில்லை.
நல்ல வாங்கல், அந்தக் காலுறை.
விலையை வாண்டாவிடம் இன்னும் சொல்லவில்லை.

திரும்ப உடுத்திக்கொள்ள
பதினேழு நிமிடம் ஆயிற்று.
டை முடிச்சை வாண்டா போட்டாள்.
கோணலாகத்தான் போட்டாள்,
திருத்தவில்லை நான்.

வெளியே போரா காற்று.
திரியெஸ்தே முழுக்கக் குப்பைத்தொட்டிகள் ஊர்ந்துகொண்டிருந்தன.
திருப்பத்தில் என் தொப்பியைத் தட்டிப் பறித்தது.
"ஓடு, நேரேயோ!" என்றாள்.
ஓடுகிறவன் தொப்பியைப் பிடிக்கலாம்,
கோட்டின் தொங்கலைக் கெடுத்துக்கொள்வான்.
ஓடவும் முடியாது, அது வேறு விஷயம்.

கால்வாய் பக்கமாகத் தொப்பி உருண்டது,
நின்றது, திரும்பிப் பார்த்தது,
மறுபடி உருண்டது.
நாயை உலாத்தக் கூட்டிவந்தவன்போல்
கோட்டுப் பைக்குள் கைவிட்டுக்கொண்டு
பின்னாலேயே போனேன்.

முடிவு வெள்ளிக்கிழமை தெரியும்.
பழுப்பு சூட்டா, கரு நீலமா என்று
இன்னும் தீர்மானிக்கவில்லை.