நோகாலெஸ், இரவுப் பணி

சுவருக்கு வடக்கே தொலைபேசி அடிக்கிறது,
மணி இரண்டேகால்.
"மேட்டில் மழை" என்கிறாள் ஹெர்லிண்டா.
"எவ்வளவு?"
"சாக்கடை மூடி துள்ளுகிற அளவு."
லாமர் மதகைத் திருகப் போகிறான்.

மேடு மெக்சிகோவில், பள்ளம் அரிசோனாவில்;
தண்ணீர் என்ன செய்யும்?

ஏழு வருடமாய்க் குரல் மட்டும் பழக்கம்.
அவள் ஊரை அவன் சல்லடையில் அறிவான்:
ஞாயிறு கழிந்தால் சோளத்தோல்,
கல்யாணத்துக்கு மறுநாள் ஜிகினா,
ஒருமுறை
பொம்மையின் இடது கை.

இருமுறை விசா கேட்டாள். இல்லையென்றார்கள்.
அவள் அலசிவிட்ட அழுக்குத் தண்ணீரிடம்
யாரும் முத்திரை கேட்கவில்லை.

குழாய்ச் செலவு யாருடையது என்று
இரண்டு தலைநகரங்கள் எழுதிக்கொண்டிருக்கின்றன.
போன மாதம் ஒரு காற்புள்ளியில்
உடன்பாடு.

விடியும்போது அவன் கூப்பிடுகிறான்.
குழாய் தாங்கியது.
அப்புறம், சுத்தம்செய்த நீர் ஆற்றில் விழும் இடத்தில்
மீன்.
சுண்டுவிரல்கூட இல்லை.
"எத்தனை?"
"எண்ணுவதற்கு நின்றால்தானே!"

சிரித்துக்கொண்டே வீடு போனவள்
முட்டை பொரித்த எண்ணெயோடு
கழுவுதொட்டி வரை வந்து
நிற்கிறாள்.
காலி டப்பா ஒன்றைத் தேடுகிறாள்.