ரசீது

தண்ணி லாரி பைப்பைச் சுருட்டும்போது
காவாங்கரை முகாம் வாசலில் ஒரு பெண்
"கொஞ்சம் பொறுங்கோ" என்றாள்.
முப்பத்தஞ்சு வருஷம் ஆச்சு,
இன்னும் அந்தச் சொல்லுக்கு முழங்கால் ஆடுது.

வவுனியாப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம்தான் எங்க முகாம்.
ஏழாம் வகுப்பில் படுத்தோம்.
பலகையில் யாரோ பாதியில் விட்ட வகுத்தல் கணக்கு.
ராத்திரி டியூட்டி முடிந்து வந்து
பல்பீர் அதைப் போட்டுப் பார்ப்பான்.
ஒருநாளும் மீதி சரியா வந்ததில்லை.

பருப்பு, ரொட்டி, மழை, திரும்பப் பருப்பு.
சீட்டாட்டத்துக்கு என்னைக் கூப்பிடமாட்டார்கள்,
தமிழன்.
தமிழ் தேவைப்பட்டால் முகாமே என்னைத் தேடும்.

அப்படித்தான் புஸ்பராணியம்மா முன்னால் நின்றேன்.
"மகன்ர சைக்கிள். கொஞ்சம் பொறுங்கோ, ரசீது இருக்கு."
மடித்து மடித்துக் கிழிந்த காகிதம்,
மாத்திரை டப்பாவுக்குள்ளிருந்து.
கேப்டன் சொன்னார்: பையன் எங்கேன்னு கேளு.
நான் கேட்டேன்:
"சைக்கிள் என்ன கலரும்மா?"
அவள் என் வாயைப் பார்த்தாள்,
கேப்டன் பூட்ஸைப் பார்த்தாள்.
"பச்சை" என்றாள்.
"கொழும்புல வேலையாம் சார்."

சைக்கிளைக் கொடுக்கவில்லை.
நாங்க கப்பல் ஏறின அன்னைக்கும்
வேப்பமரத்தடியில் சாய்ந்தே கிடந்தது,
காத்து இறங்கி.

ராயபுரத்தில் இதை யாரிடமும் சொன்னதில்லை.
மாதாகோயிலில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனால்
இது பாவமா புண்ணியமா,
எந்தக் கணக்கில் சொல்ல?

"அண்ணை, ஒரு குடம் இன்னும் இருக்கு."
பைப்பைத் திரும்ப மாட்டினேன்.
"என்ன கலரும்மா?"

அவள் சிரிக்கவில்லை.
குடத்தைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டாள்.