மயில்துத்தம்

ஒர்க்‌ஷாப் ரோட்டுப் பழைய பத்திர ஆபீஸ்,
மூன்றாம் மாடிச் சுவர்.
இடுப்பில் வடக்கயிறு, கையில் உளி,
சட்டைப் பைக்குள் மயில்துத்தப் பொட்டலம்.
கீழே குடைக்குள்ளிருந்து எமல்டா மேடம் கத்துகிறார்:
"ஒச்சு, வேரோட வரணும்!"

வரும் மேடம்.
வந்துவிட்டது என்று நீங்கள் கையெழுத்துப் போடும்வரை
வரும்.

போன ஆவணியில் இதே இடுக்கில் பிடுங்கினேன்.
அதற்கு முந்தின ஆவணியில்
பின்பக்கம் கைக்கு எட்டவில்லை, விட்டுவிட்டேன்.
அரசுக்கு அரசாங்கக் கட்டடம்தான் பிடிக்கும் என்று
கயிறு பிடிக்கிற மூக்கம்மா சொல்வாள்.
உதிர்ந்த காரை, ஒழுகும் குழாய்,
ஏன் என்று எவரும் கேட்காத ஒரு மூலை.
விதைக்கு வேறென்ன வேண்டும்?

கொண்டுவந்தது குயில்.
பேச்சியம்மன் படித்துறை அரசில் பழம் தின்றது,
இந்தக் குழாய்மேல் உட்கார்ந்து
வாலைத் தூக்கியது, அவ்வளவுதான்.
அந்த எச்சத்தில்
எனக்கு எண்ணூறு ரூபாய் கூலி.

குயிலை வளர்த்தது
எதிர்மாடி செல்போன் டவர்க் காக்கா.
கட்டுக்கம்பியும் துடைப்பக் குச்சியும் பின்னிய கூடு.
மூன்று குஞ்சில் ஒன்றின் கத்தல் வேறு மாதிரி.
காக்காவுக்குக் காது கேட்காமலா இருக்கும்?
திறந்த வாயெல்லாம் அதற்கு ஒரே வாய்.

காக்காவுக்குப் படியளப்பது பீர்முகமது கடை.
ராத்திரி ஒரு மணிக்குக் கல்லைச் சுரண்டி
கருகிய கொத்தும் எலும்பும்
சந்து முனையில் கொட்டுவார்.
இருட்டில் நாய்க்கும் பெருச்சாளிக்கும் போக
மிச்சம் விடிந்ததும் டவருக்கு ஏறும்.
அந்தக் கடையில் நாலு பரோட்டா சால்னா,
கூலி வாங்கிய அன்று மட்டும் ஒரு கலக்கி,
தின்கிறவன் நான்.

மூக்கம்மாவிடம் இந்தச் சுற்றைச் சொன்னேன்.
"அப்ப நீ கடிச்சுப் போட்ட எலும்புதான்
உன் தலைக்கு மேல மரமா நிக்குது" என்றாள்.
கொஞ்ச தூரம் நடந்து, திரும்பி,
"எனக்கு முந்நூத்தம்பதுதான் தர்றான்.
அது எந்தக் குருவி பேண்டது?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை.

இன்று பின்பக்கம் எட்டிவிட்டேன்.
வளைந்த கிளையில் காய், முதல் காய்ப்பு.
அத்திப்பழத்தைப் பிட்டால்
அத்தனையும் சொத்தை என்பார்கள்.
அரசும் அதே குடும்பம்தானே, பிட்டேன்.

சொத்தை இல்லை.
பெரியாஸ்பத்திரிப் பிரசவ வார்டு.
கொசுவில் பாதிகூட வராத குளவிகள்,
ஒன்றன்மேல் ஒன்று.
றெக்கை இல்லாத ஆண் ஒன்று
காயின் சுவரைக் குடைந்துகொண்டிருந்தது.
நம்ம தொழில்.
பெண்டுகள் போக வாசல் வெட்டிவிட்டு
உள்ளேயே கிடந்து செத்துவிடும்.
பக்கத்துக் காயில் வாசல் திறந்திருந்தது,
வாசலில் முசுறு நின்றது.
வந்ததில் பாதியைக் கவ்விக்கொண்டது.
மீதி, மாவுத்தூள் ஒட்டிய உடம்போடு
வைகைப் பக்கம் போயிற்று.
ஒரு பகல்தான் ஆயுசாம்.
படித்துறைக்கு வழி யார் சொன்னார்கள்?

"ஒச்சு, மேலேயே தூங்கிட்டியா?"

கிளையை அறுத்தேன்.
வேரைத் துளைத்துத் துத்தம் அடைத்தேன்.
நீலமாய்ப் பொங்கி இறங்கியது.
குழாய்க்குப் பின்னால் போகிற வேருக்கு மட்டும்
அடைக்கவில்லை.
இரக்கம் என்று நினைத்துவிடாதீர்கள்.
அடுத்த ஆவணியிலும் எனக்கு வயிறு இருக்கும்.
ஆனால் கையில் ஒட்டியிருந்த குளவியை
வேட்டியில் துடைக்காமல்
ஊதிவிட்டது ஏன் என்று
எனக்கே தெரியவில்லை.

"இனி வராதுல்ல?" என்றார் மேடம்.
"வராது மேடம்."

சாயங்காலம் மாநகராட்சி வண்டி வந்து
கிளையை ஏற்றிக்கொண்டு கல்பாலம் தாண்டியது.
மேலே இரண்டு மைனா,
டிக்கெட் எடுக்காமல்,
பழுத்ததாகப் பார்த்துக் கொத்திக்கொண்டே.

செல்லூரிலும்
சுவர்கள் இருக்கின்றன.